நிறுவனங்களை ஆராய இனவரைவியல்: ஒரே பருவத்தில் எதைக் கற்பிக்க முடியும்?

வகுப்பறைவாசி எழுதியது:

மேலாண்மை முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் எடுத்து வருகிறேன். மாதிரியெடுப்பு, கேள்வித்தாள், புள்ளியியல் ஆகியவற்றுக்கே பாடத்திட்டத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. எஞ்சியதில் நேர்காணலுக்குச் சிறிது இடம் உண்டு. மக்களோடு நெடுநாள் இருந்து, அவர்கள் செய்வதை நேரில் கண்டு எழுதும் முறையான இனவரைவியலுக்கு ஒரு பத்திதான். வரும் கல்வியாண்டில் நிறுவன இனவரைவியலை மட்டுமே ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கும் விருப்பப்பாடம் ஒன்றை வகுத்துத் தருமாறு துறை கேட்டிருக்கிறது.

என் தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் டுரோபிரியாண்ட் தீவுகளில் நெடுநாள் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, 1922இல் தம் நூலை வெளியிட்ட காலம் தொட்டு, களத்தில் நீண்டு இருப்பதே இம்முறையின் உயிர் என்று சொல்லி வருகிறோம். வாரத்துக்கு ஒரு பிற்பகலை மட்டும் களத்துக்கு ஒதுக்கக்கூடிய மாணவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படியிருக்க, நான் கற்பிக்கப்போவதை இனவரைவியல் என்று அழைப்பது தகுமா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் தங்கள் கருத்தை விரிவாகவே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிழல்நடை எழுதியது:

கால அளவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்தால் பாடம் தொடங்கும் முன்பே முடங்கிவிடும். தீவுக்குச் செல்பவருக்கும் அலுவலகத்துக்குச் செல்பவருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆய்வாளர் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே, அந்த அலுவலகத்தில் நடக்கும் வேலையைப் பற்றிய விளக்கம் எழுதி முடிக்கப்பட்டுக் கோப்பில் இருக்கிறது: பணி விவரம், செயல்முறைக் கையேடு, அதிகாரப் படிநிலை வரைபடம், கூட்டக் குறிப்பு, மாதாந்திர அறிக்கை. இந்தத் தாள்கள் சொல்வதற்கும் வேலை நடக்கும் விதத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பார்ப்பதும், அந்தத் தொலைவை நாள்தோறும் யார், எப்படி இட்டு நிரப்புகிறார்கள் என்று எழுதுவதுமே நிறுவன இனவரைவியலுக்கென்று உள்ள தனி வேலை என்பது என் கருத்து. அந்தப் பார்வையை ஒரு பருவத்தில் பழக்க முடியும்.

மாணவர்களுக்கு முதல் எடுத்துக்காட்டாக, சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1931-32இல் நடந்த ஆய்வைக் கொடுப்பேன். அந்த ஆலை என்றதும் எல்லோரும் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த சோதனையைத்தான் நினைப்பார்கள்; நான் சொல்வது அதற்குப் பின் வந்த, கம்பி பொருத்தும் அறையில் நடந்த ஆய்வு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே களப்பணி முடித்துத் திரும்பியிருந்த மானிடவியலாளர் லாயிட் வார்னர் அதற்கு ஆலோசனை வழங்கினார். தொலைபேசி இணைப்பகக் கருவிகளைத் தயாரிக்கும் 14 ஆண்கள் ஒரு தனி அறையில் வேலை செய்ய, உள்ளேயே அமர்ந்திருந்த ஒருவர் கண்டதை எழுதினார். கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி கிடைக்கும், ஆகவே செய்வார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்பது தொழிலாளர்கள் தமக்குள் வைத்திருந்த கணக்கு. அதை மீறி வேகம் காட்டியவரின் மேற்கையில் பக்கத்தில் இருப்பவர் ஓங்கி ஒரு குத்து விடுவார். மிகுதியாக முடித்தவர் அதை அன்றைய கணக்கில் காட்டாமல் குறைவாகச் செய்யும் நாளுக்கு வைத்துக்கொள்வார். தடை இருந்தும் கம்பி பொருத்துபவரும் பற்றவைப்பவரும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்வார்கள். பதிவேட்டைப் படித்தவருக்குத் தெரிந்தது ஏற்ற இறக்கமில்லாத உற்பத்தி மட்டுமே. அந்தச் சீர்மையை உருவாக்கத் தொழிலாளர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அறைக்குள் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்தது.

எண்கணக்கு எழுதியது:

நான் கேள்வித்தாள் பக்கத்து ஆள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிழல்நடை அவர்கள் தந்த எடுத்துக்காட்டு சுவையானது. அந்தச் சுவைதான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. ஓர் ஆலை, ஓர் அறை, ஒரு நோக்கர். தாம் கண்டதில் பொருத்தமானதை மட்டும் தேர்ந்து எழுதினாரா என்பதை மற்றொருவர் எப்படிச் சரிபார்ப்பது? ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற காரணத்தாலேயே மனிதர்களின் நடத்தை மாறிவிடும் என்ற வாதத்துக்கு அதே ஆலையின் பெயரைத்தானே சூட்டியிருக்கிறார்கள்? என் மாணவர் ஒருவர் இருபது பக்க வருணனையோடு வந்து நின்றால் அதற்கு எந்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பதுதான் விளைவு என்றால், அது முறையியல் பாடமாகாது, உரைநடைப் பயிற்சியாகிவிடும்.

நிழல்நடை எழுதியது:

எண்கணக்கு அவர்களே, உங்கள் முதல் கேள்விக்கு இத்துறைக்குள்ளேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. பாடநூல்கள் அதை மறந்துவிடுவதுதான் வருத்தம். மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே களப்பணி செய்த சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர், 1958இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நோக்கர் தம் சான்றுகளை எப்படி எடைபோட வேண்டும் என்று விளக்கினார். ஒரு கூற்று களத்தில் தானாக வந்ததா, நோக்கர் கேட்டதால் வந்ததா? நோக்கரிடம் தனியாகச் சொல்லப்பட்டதா, சக மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லப்பட்டதா? அக்கருத்துக்கு ஏற்ற நடத்தையும் காணப்பட்டதா? இவற்றைப் பிரித்து ஓர் அட்டவணையில் எண்ணி வைத்தால், ஆய்வாளரின் முடிவு எந்த வகைச் சான்றின் மீது நிற்கிறது என்பது வாசகருக்கு வெளிப்படையாகிவிடும். கேட்டதால் மட்டுமே வந்த கூற்றுகள் நிறைந்த அட்டவணை ஆய்வாளரின் ஆர்வத்தைத்தான் காட்டும். இதற்கு அழகான உரைநடை தேவையே இல்லை.

மற்றொருவர் மறுபடி சென்று சரிபார்க்க முடியாது என்பதும் முழு உண்மையாகாது. டொனால்ட் ராய் 1944-45இல் சிகாகோ பகுதி இயந்திரப் பட்டறை ஒன்றில் தொழிலாளியாகச் சேர்ந்து, செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் துண்டுக் கூலிமுறையைத் தொழிலாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று எழுதினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து மைக்கேல் புராவோய் ஓர் ஆலையில் இயந்திர இயக்குநராகச் சேர்ந்தார். தாம் நிற்பது ராய் நின்ற அதே ஆலையில்தான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. இருவரின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால், எது அந்த இடத்தின் இயல்பு, எது அந்தக் காலத்தின் விளைவு என்று பிரித்துப் பேச முடிகிறது. ஸ்டீபன் பார்லி 1986இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகை: ஒரே காலத்தில் சி.டி. ஸ்கேன் கருவியை வாங்கிய இரண்டு மருத்துவமனைகளின் கதிரியக்கத் துறைகளில் அமர்ந்து பார்த்தார். கருவி ஒரே மாதிரியானது. ஆனால் மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் இடையிலான அதிகார உறவு இரு இடங்களிலும் இரு வேறு விதமாக உருவெடுத்தது. ஓர் இடத்தை மட்டும் பார்த்திருந்தால் கருவிதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று எழுதியிருக்கக்கூடும்.

ஆள் பார்ப்பதால் நடத்தை மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் சில நாட்களில் எல்லோரும் கையேட்டின்படி வேலை செய்வார்கள். ஆனால் வேலை குவியக் குவிய அந்த நாடகத்தைத் தொடர முடியாது. முடிக்க வேண்டிய வேலை ஆய்வாளரை மறக்கச் செய்துவிடும். முதல் வாரத்துக் குறிப்பையும் பிந்தைய குறிப்பையும் ஒப்பிட்டால், எதை மறைக்க முயன்றார்கள் என்பதும் தரவாகவே கிடைக்கும்.

எண்கணக்கு எழுதியது:

பெக்கரின் அட்டவணை எனக்கு ஏற்புடையது. அதை வகுப்பில் பயன்படுத்தலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் வாரத்துக்கு ஒரு பிற்பகல் செல்லும் மாணவருக்கு, நீங்கள் சொல்லும் அந்த மறக்கும் கட்டம் வந்து சேருமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நிழல்நடை எழுதியது:

முழு அலுவலகத்தையும் எடுத்துக்கொண்டால் வந்து சேராது. ஒரு மேசை, ஒரு படிவம், ஒரு பணிக்குழு போய் அடுத்த குழு வரும் அரைமணி நேரம் என்று களத்தைச் சுருக்கினால் வரும். லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் லண்டன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. அங்கே அப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் விவரங்களைத் தாங்கிய ஒரு காகிதப் பட்டை இருந்தது. கட்டுப்பாட்டாளர்கள் அவற்றைத் தாங்கியில் கையால் வரிசைப்படுத்துவார்கள். கணினி அதைத் தானாகச் செய்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்பது பொறியாளர்களின் எண்ணம். அருகில் அமர்ந்து பார்த்தவர்கள் கண்டது வேறு: பட்டையைக் கையில் எடுத்து, இடம் பார்த்துச் செருகும் அந்த நொடியில்தான் கட்டுப்பாட்டாளரின் கவனம் அந்த விமானத்தின் மேல் விழுகிறது, சிக்கல் வரக்கூடிய பட்டையைச் சற்றே வெளியே இழுத்து வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் செய்தி போய்விடுகிறது. இவ்வளவும் ஒரு காகிதத் துண்டைச் சுற்றி நடப்பவை.

வகுப்பறைவாசி எழுதியது:

களத்தைச் சுருக்கலாம் என்ற யோசனை எனக்குப் பெரும் விடுதலையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு களத்திலும் மாணவர்கள் எழுதிக் கொண்டுவருவது என்ன என்பதுதான் என் நடைமுறைச் சிக்கல். முன்னோட்டமாக ஒரு மாணவியை ஒரு மருத்துவமனையின் பதிவு முகப்புக்கு அனுப்பினேன். அவர் எழுதி வந்த முதல் குறிப்பு இது: “ஊழியர் சலிப்புடன் இருந்தார். நோயாளிகளிடம் அக்கறை காட்டவில்லை. கணினி இருந்தும் பழைய முறையிலேயே வேலை செய்கிறார். மாற்றத்தை ஏற்க மறுக்கும் மனநிலை தெரிகிறது.” நான்கு வாக்கியங்களிலும் தீர்ப்பு இருக்கிறது, கண்ட காட்சி ஒன்றுகூட இல்லை.

சலிப்பு என்று எழுத வைத்தது எது, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை வந்த குறிப்பு நீளமாகவும் உயிருடனும் இருந்தது. முகப்பு ஊழியர் நோயாளியின் பெயரையும் வந்த நேரத்தையும் முதலில் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறார், கணினியைத் தொடுவதில்லை. கூட்டம் குறைந்த பிறகு நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார். பிறந்த தேதியை நிரப்பாவிட்டால் மென்பொருள் அடுத்த திரைக்குப் போக விடுவதில்லை. முதியவர்கள் பலருக்கு அது உடனே நினைவுக்கு வருவதில்லை. மென்பொருளோடு மல்லுக்கட்டினால் வரிசை நகராது. மாலையில் அடையாள அட்டை நகலைப் பார்த்துத் தேதியை நிரப்பிக்கொள்கிறார். மேலாளரின் அறிக்கையில் எல்லாப் பதிவுகளும் முழுமையாக இருக்கின்றன. அந்த நோட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. மாற்றத்தை ஏற்க மறுப்பவர் என்று எழுதப்பட்டவர்தான் அந்த மென்பொருளை ஓடச் செய்துகொண்டிருக்கிறார்.

நிழல்நடை அவர்கள் சொன்ன தொலைவு இதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்த இழையைப் படித்த பிறகு தெளிவாகிறது.

கோப்புறை எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த நோட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஆய்வாளர் இல்லை, ஆய்வுக்கு உட்பட்டவள். பெரிய நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பணியாற்றியபோது, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பல மாதங்கள் எங்களோடு இருந்தார். பண்பானவர்; எங்கள் வேலையை எங்கள் மேலாளரைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். அந்தப் புரிதல்தான் பிறகு எங்களுக்கு வினையாயிற்று.

கோப்பு கேட்டு வரும் அவசரக் கோரிக்கைகளை முறையான படிவம் இல்லாமலேயே தொலைபேசியில் வாங்கி முடித்துவிட்டு, படிவத்தைப் பிறகு பெற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் அதை மிகப் பாராட்டி அறிக்கையில் எழுதினார். அறிக்கை நிர்வாகத்துக்குப் போனது. அடுத்த மாதமே படிவமின்றிக் கோப்பு தரக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் “பிரிவின் மூத்த பெண் ஊழியர்” என்று எழுதியிருந்தால், ஒரே ஒரு மூத்த பெண் ஊழியர் இருக்கும் பிரிவில் புனைபெயரால் என்ன பயன்? வெளி உலகுக்கு நான் யாரென்று தெரியாது. எனக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவருக்கு நன்றாகவே தெரியும். அந்த முகப்பு ஊழியரின் நோட்டு வகுப்பறையைத் தாண்டி எங்கே போகும் என்பதை வகுப்பறைவாசி அவர்கள் இப்போதே தீர்மானித்துவிடுவது நல்லது.

நிழல்நடை எழுதியது:

கோப்புறை அம்மா எழுதியதைக் கடந்து போக முடியாது. அனுமதி பெறுவதை மட்டும் நெறிமுறை என்று பல பாடத்திட்டங்கள் நடத்துகின்றன. அனுமதி தருபவர் மேலே இருக்கிறார், பார்க்கப்படுபவர் கீழே இருக்கிறார் என்பதை அவை பேசுவதில்லை. மேலாளர் கையெழுத்திட்ட கடிதத்தோடு வருபவரிடம் முகப்பு ஊழியர் “வேண்டாம்” என்று எப்படிச் சொல்வார்? கீழே உள்ளவர்களை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம், அதிகாரம் உள்ளவர்களையும் ஆராயுங்கள் என்று லாரா நேடர் 1972லேயே மானிடவியலாளர்களைக் கேட்டுக்கொண்டார். மேல்தளக் கதவுகள் எளிதில் திறப்பதில்லை என்பது உண்மை. அதனால்தான் நம் நூலகங்களில் பட்டறைத் தளம் நிரம்பியிருக்கிறது, நிர்வாகக் குழு அறை ஏறக்குறைய காலியாக இருக்கிறது.

கண்டதைத் திருப்பிக் கொடுப்பதால் எப்போதும் தீங்குதான் என்றும் சொல்ல முடியாது. மானிடவியலாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுப்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களோடு சுற்றினார். கையேட்டின் படிகள் தீர்க்காத பழுதுகளை, அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவக் கதைகள் தீர்த்தன. அந்தப் பேச்சை வெட்டிப் பொழுதுபோக்கு என்று தடுத்திருக்கலாம். மாறாக, தொழில்நுட்பர்களே குறிப்பு எழுதி, தொழில்நுட்பர்களே அதைச் சரிபார்க்கும் யுரேகா என்ற தரவுத்தளம் அந்நிறுவனத்தில் பின்னர் உருவாயிற்று. ஆனால் அந்த ஆய்வு அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எழுதியவரின் சொல்லுக்கு உள்ளே மதிப்பு இருந்தது. ஒரு பருவம் வந்துபோகும் மாணவருக்கு அது கிடையாது. ஆகவே மாணவர் அறிக்கை நிறுவனத்துக்குச் செல்லாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதை ஏற்காத நிறுவனத்துக்கு மாணவரை அனுப்ப வேண்டாம்.

எண்கணக்கு எழுதியது:

அந்த நிபந்தனையை வைத்தால் பெரும்பாலான நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும். தமக்குப் பயன் இல்லாத ஒன்றுக்கு அவர்கள் ஏன் இடம் தர வேண்டும்?

நிழல்நடை எழுதியது:

சாத்தினால் காகிதத்திலிருந்து தொடங்கலாம். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததைப் பற்றி சமூகவியலாளர் டயேன் வாகன் செய்த ஆய்வு முழுக்க முழுக்க ஆவணங்களையும், விசாரணைச் சாட்சியங்களையும், பிற்கால நேர்காணல்களையும் கொண்டே கட்டப்பட்டது. விதிமீறலைக் கண்டுபிடிக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு கோப்புகளுக்குள் போனவர், விதிகளைப் பின்பற்றியபடியே ஆபத்தை நோக்கி நகர்ந்ததைக் கண்டார். விண்ணோடத்தின் உந்துகலன் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சிதைந்திருப்பது ஒரு பறப்புக்குப் பின் தெரியவந்தது; ஆராய்ந்து, ஏற்கத்தக்கது என்று குறித்தார்கள்; அடுத்த பறப்பின் சிதைவு அந்தக் குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ஏற்கப்பட்டது. ஒவ்வொரு கையெழுத்தும் முறைப்படி இடப்பட்டிருந்தது. களத்துக்குள் நுழைய முடியாத மாணவருக்கு ஒரு விசாரணை ஆணையத்தின் பொது அறிக்கையைக் கொடுத்து, ஒரே ஒரு முடிவு எத்தனை தாள்களைக் கடந்து வந்தது என்று தொடர்ந்து போகச் சொன்னால், அதுவும் இந்தப் பாடத்துக்குள் அடங்கும். இன்று அலுவலக வேலையின் பெரும்பகுதி மின்னஞ்சலிலும் திரையிலும் நடப்பதால், நாற்காலி போட்டு அருகில் உட்கார்ந்தாலும் தட்டச்சு ஓசை மட்டுமே கேட்கும். அந்த வகையிலும் ஆவணத்தைத் தொடரும் பயிற்சி கைகொடுக்கும்.

வகுப்பறைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு நான் முடிவு செய்திருப்பவை: களம் ஒரு மேசை அளவுக்குச் சுருங்கும், மதிப்பெண்ணின் பெரும்பங்கு இறுதிக் கட்டுரைக்கு அல்லாமல் களக்குறிப்புக்கும், திருப்பி அனுப்பியபின் அதைத் திருத்திய விதத்துக்கும் போகும், பெக்கரின் அட்டவணை கட்டாயம், மாணவர் அறிக்கை நிறுவனத்துக்குப் போகாது. கோப்புறை அம்மாவிடம் ஒரு கேள்வி: பார்க்கப்படுபவரின் இடத்தில் இருந்தவராக, இதில் விடுபட்டது எது?

கோப்புறை எழுதியது:

மாணவர்கள் தாங்கள் ஒருமுறையாவது பார்க்கப்பட வேண்டும். களத்துக்கு அனுப்பும் முன், நூலகத்திலோ கணினிக்கூடத்திலோ ஒரு மாணவர் தம் வேலையைச் செய்ய, மற்றொருவர் ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்து குறிப்பெடுக்கட்டும். பிறகு அந்தக் குறிப்பைப் பார்க்கப்பட்டவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். “கைப்பேசியை அடிக்கடி எடுத்தார்” என்ற வரியைப் படிப்பவர், அம்மா மருத்துவமனையில் இருந்ததால் எடுத்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அல்லது சொல்ல விரும்பாமல் இருப்பார். எந்த வரியை நீக்கச் சொல்லலாம், எதற்கு விளக்கம் சேர்க்கலாம் என்று அவர்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அந்த முடிவைத்தான் பிறகு முகப்பு ஊழியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். மேலாளரின் கடிதத்துக்கு முன்பாகவே.

வகுப்பறைவாசி எழுதியது:

இரண்டாம் வாரத்திலேயே இதை வைக்கிறேன். நீக்கச் சொல்லும் உரிமையைப் பார்க்கப்படுபவருக்கு எதுவரை தருவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. கட்டுரை மதிப்பிடப்பட்ட பிறகும் உண்டு என்று சொன்னால் துறை ஏற்காது. களம் முடிந்த இரண்டு வாரங்கள் வரை என்று எழுதலாமா?

கோப்புறை எழுதியது:

குறிப்பைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து இரண்டு வாரம் என்று எழுதுங்கள். படித்துக் காட்டாத வரை அந்தக் கெடு தொடங்கவே கூடாது.